தன் சரக்கைத்தானே தள்ளிவிடுவார்கள்?

கேள்வி: துப்பறியும் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும் எழுதிப் பேர் வாங்கிய சுஜாதா, பத்தி எழுத இடம் கிடைத்தபோதெல்லாம் புதுக்கவிதை, வெண்பா, சங்கப் பாட்டு என்று மற்றவர்கள் எழுதியதை வாசகர்களிடம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாரே, ஏன்? அவருடைய உண்மையான வாசிப்பு ரசனைதான் என்ன? அந்த நேரத்தில் இன்னும் பத்து கணேஷ்–வசந்த் துப்பறியும் கதை எழுதியிருக்கலாமே?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை.

பதில்: ‘தள்ளிவிட்டுக்கொண்டே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. மற்றதற்கு அப்புறம் வருகிறேன்.

தள்ளிவிடுவதை வாரச்சந்தையில் பார்த்திருப்பீர்கள். இருட்டத் தொடங்கினால் தக்காளிக்காரர் கூறு கட்டிக் கூவ ஆரம்பிப்பார். மதியம் கறாராகப் பேசியவர் இப்போது கூப்பிட்டுக் கொடுப்பார். நாளைக்கு அது அழுகிவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: அவர் கூவுவது தன்னுடைய தக்காளிக்காக. பக்கத்துக் கடைக்காரரின் தக்காளி விற்கவேண்டும் என்று தொண்டை வறளக் கூவுகிறவரை எந்தச் சந்தையிலாவது கண்டதுண்டா? சுஜாதா செய்தது அதைத்தான். தன் கடையில் கூட்டம் வரிசை கட்டி நின்றபோது, ‘அதோ அந்த மூலையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவரிடமும் போய்ப் பாருங்கள்’ என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் சொன்னார்.

அவர் சலவைக் கணக்கு எழுதிக் கொடுத்தாலும் பத்திரிகைகள் போடும் என்று அந்நாளில் பேசிக்கொள்வார்கள். அப்படி ஒரு இடம் கிடைத்த மனிதர் அதில் ஒரு பகுதியை அடுத்தவர் கவிதைக்குக் கொடுத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். பத்திரிகையில் ஒரு பக்கம் என்பது என்ன விலை பெறும் என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், தெருமுனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருப்பார்கள். அப்படித்தான் சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ படித்தேன். 1968-இல் குமுதத்தில் வந்த தொடர். கடைசி இரண்டு இதழ்களின் பக்கங்களை யாரோ உருவிவிட்டிருந்தார்கள். கொலை செய்தது யார் என்று தெரியாமல் ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தில்லியில் வேலை பார்த்த மாமா விடுமுறைக்கு வந்தார். அவரிடம் முடிவைக் கேட்டேன். முடிவைச் சொல்லாமல் பெட்டியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, “உன் கொலைக்கதை ஆள்தான்டா இது. இதைப் படி” என்றார். பத்திரிகை, 1965-இல் கஸ்தூரிரங்கன் தில்லியிலிருந்து தொடங்கிய கணையாழி. பக்கத்தில் இருந்த பெயரோ ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்., சுஜாதாவின் இன்னொரு புனைபெயர். அதில் நான் கேள்வியே படாத ஒருவரின் கவிதை எட்டு வரி இருந்தது. நாலு தடவை படித்தேன். கொலைகாரனை மறந்துவிட்டேன்.

ஆக, அவர் யாருக்காகக் கூவினாரோ அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலைமை எதிர்பார்க்காதீர்கள்.

பண்ருட்டிப் பக்கம் சாலையோரத்தில் பலாப்பழம் விற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? பழத்தின் அருமை பெருமைகளைப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு சுளையைப் பிய்த்துக் கையில் வைத்துவிடுவார்கள். சுஜாதாவின் முறை அதுதான். ‘நெஞ்சை உலுக்கும் படைப்பு’, ‘காலத்தின் கண்ணாடி’ என்றெல்லாம் அவர் பத்தியில் அதிகம் பார்க்க முடியாது. கவிதையையே எடுத்துப் போட்டுவிடுவார். கீழே அவருடையது இரண்டு வரி. பிடித்தவன் கவிஞரைத் தேடிப்போவான், பிடிக்காதவன் பக்கத்தைத் திருப்புவான். மனுஷ்ய புத்திரனின் ‘கால்களின் ஆல்பம்’ கவிதையை அவர் எடுத்துச் சொன்ன பிறகு தேடிப் படித்தவர்களை எனக்கு நேரிலேயே தெரியும்.

இதைச் சொல்லும்போது இன்றைய புத்தக வெளியீட்டு விழாக்கள் ஞாபகத்துக்கு வந்து வயிறு எரிகிறது. மேடையில் எட்டுப் பேர், எட்டுப் பொன்னாடை. வாழ்த்துரை வழங்குகிறவர் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது மூன்றாவது நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் போகும், புத்தகத்திலிருந்து ஒரு பத்தி வாசித்துக் காட்ட யாருக்கும் தோன்றாது. பாவம், எழுதினவர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மறுநாளிலிருந்து அவரே உறை வாங்கி, விலாசம் எழுதி, தபால் ஆபீசுக்கு நடப்பார். தன் புத்தகத்தைத் தானே சுமக்கும் நிலைமை ஒரு எழுத்தாளனுக்கு வரக்கூடாது. இன்னொருவர் வந்து ஒரு கை பிடிக்க வேண்டும். அந்த ஒரு கைதான் சுஜாதா. விழா நடத்துகிறவர்களிடம் இருபது வருஷமாகக் கெஞ்சுகிறேன்: இரண்டு பேச்சாளரைக் குறையுங்கள், பத்து நிமிடம் புத்தகத்தை வாசியுங்கள். வாசித்துவிட்டு அது எந்தப் பதிப்பகம், என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். இது கூடச் செய்ய முடியாதா?

சரி, ரசனைக்கு வருகிறேன். ‘உண்மையான’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். கொலைக்கதை ஒரு பக்கம், குறுந்தொகை ஒரு பக்கம், இரண்டில் ஒன்று வேஷம் என்ற சந்தேகம் அதில் தெரிகிறது. எனக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. இரண்டும் ஒரே ரசனைதான்.

அவர் விழுந்து விழுந்து ரசித்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று வரி ஹைக்கூ, நாலடி வெண்பா, நாலிலிருந்து எட்டு அடிக்குள் அடங்கிவிடும் குறுந்தொகை. எல்லாமே சிக்கனம். ஒரு சொல் கூடுதலாக இருந்தால் கட்டு குலைந்துவிடும் வடிவங்கள். துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கும் அதே கட்டுப்பாடுதான். வேண்டாத ஒரு வரி எழுதினால் வாசகன் அதைத் தடயம் என்று எண்ணிப் பின்னால் போய்விடுவான்.

குறுந்தொகைப் பாட்டு எப்படித் தொடங்குகிறது? பாதிப் பேச்சில் தொடங்குகிறது. பேசுகிறது யார், கேட்கிறது யார், அதற்கு முன்னால் என்ன நடந்தது, எதுவும் பாட்டில் இருக்காது. ஒரு குருவி, ஒரு பூ, பெய்யாத ஒரு மழை, இதையெல்லாம் வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘தலைவி தோழிக்குச் சொன்னது’ என்று கீழே இருக்கும் துறைக்குறிப்பு, பின்னால் வந்தவர்கள் துப்புத்துலக்கி எழுதி வைத்தது போலவே எனக்குப் படுகிறது. 28-ஆம் பாட்டில், ஔவையார் எழுதியது, ஒரு பெண் கேட்கிறாள்: முட்டிக்கொள்ளட்டுமா, தாக்கட்டுமா, ஏதாவது சாக்கு வைத்து ‘ஆ’ என்றும் ‘ஒல்’ என்றும் கத்தட்டுமா, என் நோவு தெரியாமல் தூங்குகிற இந்த ஊரைப் பார்த்து? அவ்வளவுதான் பாட்டு. அவளுக்கு என்ன ஆயிற்று என்பது நம் பொறுப்பு. கணேஷுக்கும் வசந்துக்கும் வழக்கு எழுதின ஆள் இந்தப் பாட்டில் சொக்கிப்போனதில் என்ன ஆச்சரியம்?

அதனால்தான் குறுந்தொகைக்கு அவர் எழுதிய நூலுக்கு ‘401 காதல் கவிதைகள்’ என்று பெயர் வைத்தார். புறநானூறு, சிலப்பதிகாரம், ஆழ்வார்கள் பற்றியும் எழுதினார். எல்லாவற்றிலும் பெயரோடு ‘ஓர் எளிய அறிமுகம்’ என்று சேர்த்திருப்பார். அந்த ‘அறிமுகம்’தான் உங்கள் ‘தள்ளிவிடுத’லுக்கு மாற்றாக நான் வைக்கிற சொல். இருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பெயர் சொல்லிவிட்டு, நடுவிலிருந்து விலகிக்கொள்வது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அவசரம் உண்டு. புறநானூற்றைப் புதுக்கவிதை நடையில் மடக்கிப் போட்டபோது பல இடங்களில் மூலத்தின் ஓசை தொலைந்துபோனது. தமிழ்ப் பேராசிரியர்கள் சுட்டிக்காட்டிய பிழைகளில் நியாயமானவை இருக்கின்றன. நானே உ.வே. சாமிநாதையர் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதைப் படிப்பேன். ஆனால் ஐயர் ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்து 1894-இல் அச்சேற்றிய புறநானூறு, ஒரு நூற்றாண்டு கழித்து, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த ஒரு பையன் கைக்கு வந்தது. கொண்டுவந்து கொடுத்தது துப்பறியும் கதை எழுதியவர்.

ஒரு விமரிசக நண்பரோடு எனக்கு முப்பது வருஷமாக இந்த வழக்கு நடக்கிறது. ‘வணிக எழுத்தாளன் காட்டிய வழியில் வருகிறவன் வாசலோடு நின்றுவிடுவான்’ என்பது அவர் கட்சி. நான் நிற்கவில்லையே என்றால், ‘நீ விதிவிலக்கு’ என்கிறார். என்னைப் போன்ற விதிவிலக்குகள் இந்தப் பத்திரிகைக்கு மாதாமாதம் மூட்டையாகக் கடிதம் எழுதுகிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே சண்டை உண்டு. 2003-இல் திகில் கதை எழுதும் ஸ்டீபன் கிங்குக்கு அங்கே தேசியப் புத்தக அறக்கட்டளை பெருமைக்குரிய பதக்கம் ஒன்றைக் கொடுத்தது. பெரிய விமரிசகர்கள் கொதித்தார்கள். அவர் நன்றியுரையில் என்ன செய்தார் தெரியுமா? இலக்கிய உலகம் திரும்பிப் பார்க்காத வெகுஜன எழுத்தாளர்கள் பலரின் பெயரைச் சொல்லி, அவர்களைப் படியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தன் மேடையிலும் அடுத்தவர் தக்காளி. படித்தபோது கண் கலங்கிவிட்டது.

கடைசியாக, அந்தப் பத்து கணேஷ்–வசந்த் கதை. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் முழுநேரப் பொறியாளராக இருந்துகொண்டு, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வரை வேலை செய்துகொண்டு அவர் எழுதினார். நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்துக் கதையையும் நான் வாடகை நூலகத்தில் எடுத்து, முடிவு தெரிந்ததும் திருப்பிக் கொடுத்திருப்பேன். முடிவு கிழிந்த கதைக்கு மாற்றாகக் கையில் வந்த எட்டு வரி மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது.

அடுத்த முறை ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கோ கோவைக்கோ போனால், அந்தக் குறுந்தொகைப் புத்தகத்தைக் கையில் எடுத்து, நின்றபடியே நாலு பாட்டுப் படித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். எந்தப் பாட்டில் நின்றுவிட்டீர்கள் என்று எண் போட்டு எனக்கு எழுதுங்கள்.