காலை எடுத்தும் வேகம் குறையாத கார்: ஸ்கேனர் சொல்லாத காரணம்

வாசகர் கேள்வி: எங்கள் பெட்ரோல் கார் ஆட்டோமேட்டிக் கியர் கொண்டது; பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. சென்ற மாதம் நெடுஞ்சாலையில் பிள்ளைகளுடன் சென்ற என் மனைவி, ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினார். முந்தியபின் காலை எடுத்தும் வேகம் ஏறிக்கொண்டே போனது. பிரேக்கை நான்கைந்து முறை விட்டுவிட்டு மிதித்தார். முதலில் பிடித்தது, பிறகு மிதி கல்லாக இறுகிவிட்டது. கடைசியில் சாவியைத் திருப்பி அணைத்து, எப்படியோ ஓரமாக நிறுத்தினார். ஸ்கேனரில் பிழைக்குறி ஏதும் இல்லை, கால் மாறி மிதித்திருப்பார் என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். இரண்டு வாரத்துக்கு முன் பழைய மேட்டின் மேல் புதிய ரப்பர் மேட் ஒன்றைப் போட்டிருந்தோம். இனி இந்தக் காரை நம்பி ஓட்டலாமா?

பதில்: பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பது உலகெங்கும் நடக்கிற தவறுதான், ஆனால் உங்கள் மனைவிக்கு நடந்தது அதுவல்ல என்றே கருதுகிறேன். பிரேக் முதலில் பிடித்து, பிறகு இறுகியது என்று அவர் சொன்ன விவரமே அதற்குச் சான்று. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர், பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு இயங்குகிறது. எஞ்சினுக்குள் காற்றை விடும் அடைப்பான த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கும்போது அந்த வெற்றிடம் ஏறத்தாழ இல்லாமல் போகிறது. பூஸ்டரில் சேமிப்பாக இருப்பது ஒன்றிரண்டு அழுத்தங்களுக்கே போதும். விட்டுவிட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்து, மிதி கல்லாகிறது. அதாவது, அவருடைய கால் பிரேக்கில்தான் இருந்தது. த்ராட்டில் வேறொரு காரணத்தால் திறந்தே இருந்தது.

அந்தக் காரணம் பெரும்பாலும் உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட மேட்டில் மேலுள்ளது முன்னோக்கி நகரும். ஆக்சிலரேட்டர் மிதியைத் தரைவரை அழுத்தும்போது அதன் கீழ்விளிம்பு மேட்டின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். முந்துவதற்காக முழுவதும் அழுத்திய அந்தக் கணத்தில்தான் சிக்கல் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். மிதியை அழுத்துவது காலா, மேட்டா என்று காரின் கணினிக்குத் தெரியாது. ஓட்டுநர் வேகம் கேட்கிறார் என்றே அது எடுத்துக்கொள்ளும். ஆகவே பிழைக்குறி பதிவாகாமல் இருப்பதில் வியப்பில்லை. 2009, 2010 ஆண்டுகளில் டொயோட்டா நிறுவனம் இதே போன்ற சிக்கலைச் சரிசெய்ய இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததை ஒட்டி, அமெரிக்க அரசு நாசா பொறியாளர்களைக் கொண்டு ஆய்வு நடத்தியது. 2011 பிப்ரவரியில் வெளியான அதன் முடிவில், த்ராட்டிலைப் பெரிய அளவில் திறந்துவிடக்கூடிய மின்னணுக் கோளாறு எதுவும் காணப்படவில்லை; உறுதியானவை மேட்டில் சிக்கும் மிதி, விட்டபின்னும் மெதுவாகத் திரும்பும் அல்லது திரும்பாமல் ஒட்டிக்கொள்ளும் மிதி என்னும் இரண்டு இயந்திரக் குறைகளே.

எனினும் மேட்டை எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடச் சொல்ல மாட்டேன். த்ராட்டிலின் தகட்டைச் சுற்றிக் கரி படிந்து அது ஒட்டுகிறதா, கேபிள் உள்ள வண்டியானால் அதன் இழைகள் பிரிந்தோ உறை துருப்பிடித்தோ இருக்கின்றனவா, மிதியின் சுருள்வில் தளர்ந்திருக்கிறதா என்று மெக்கானிக் கழற்றிப் பார்க்க வேண்டும். பூஸ்டரை நீங்களே சோதிக்கலாம்: எஞ்சினை அணைத்து, மிதி இறுகும்வரை பிரேக்கைப் பலமுறை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதற்குச் செல்லும் குழாயிலோ கசிவு இருக்கலாம். அது தனியே சரிசெய்ய வேண்டிய ஆபத்து.

மறுபடி இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதை உங்கள் வீட்டில் கார் ஓட்டுகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பிரேக்கை ஒரே முறையாக, முழு பலத்தோடு அழுத்தி, விடாமல் பிடித்திருக்க வேண்டும். மெதுவாக அழுத்திக்கொண்டே நெடுந்தூரம் ஓடினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதே வேளையில் கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். எஞ்சின் அச்சமூட்டும்படி அலறும். அலறட்டும், சக்கரங்களுக்கு அதன் விசை போகாது. கார் நின்ற பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். ஓடும்போது சாவியைத் திருப்பியதில் உங்கள் மனைவி தப்பியது பெரும் ஆறுதல், ஆனால் அதை முதல் வழியாகக் கொள்ளாதீர்கள்: ஸ்டியரிங் கனத்துவிடும், சாவி கடைசி நிலைவரை போய்விட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரல் விழாதபோது மட்டும், சாவியை ஒரு நிலை மட்டும் பின்னால் திருப்புங்கள். பொத்தானால் இயங்கும் கார்களில் அதைச் சில விநாடிகள் தொடர்ந்து அழுத்த வேண்டியிருக்கும். உங்கள் காரின் கையேட்டில் அந்த முறை இருக்கும். குனிந்து மேட்டை இழுக்க மட்டும் ஓடும் வண்டியில் யாரும் முயலக் கூடாது.

சோதனை முடியும்வரை இந்தக் காரில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். சர்வீஸ் சென்டருக்கும் ஓட்டிச் செல்லாமல், வேறு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். மேட் இன்னும் அன்று கிடந்தபடியே இருந்தால் எடுப்பதற்கு முன் மிதியோடு சேர்த்துப் படம் பிடித்து வையுங்கள். பிரேக்கை அழுத்தினால் ஆக்சிலரேட்டர் கட்டளையைத் துண்டிக்கும் வசதி உங்கள் மாடலில் உண்டா, திரும்ப அழைப்பு ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கார் திரும்பி வந்ததும் வண்டிக்குரிய ஒரே மேட்டை விரித்து, அதன் கொக்கிகளைத் தரையில் மாட்டி, எஞ்சின் அணைந்த நிலையில் ஆக்சிலரேட்டர் மிதியைத் தரைவரை பத்து முறை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் அது தடையின்றி மேலே வர வேண்டும்.