கிரவுண் போட ஊர் வரைக்கும் போக வேண்டுமா? யேர்மனிக்குப் புதிதாக வந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் டோட்முண்டுக்கு வந்து ஐந்து மாதங்களே ஆகின்றன என்றும், கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்குக் கிரவுண், அதாவது பல்லை மூடும் உறை, போட வேண்டுமெனப் பல் வைத்தியர் சொல்லி 870 யூரோ என்று எழுதிய தாள் ஒன்றைத் தந்திருக்கிறார் என்றும், மார்கழியில் யாழ்ப்பாணம் போகும்போது அதை அங்கேயே செய்துவிடலாமா, அல்லது இங்கேயே செலவைக் குறைக்க வழி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். கணவரின் அரச மருத்துவக் காப்புறுதியில் குடும்ப உறுப்பினராக நீங்களும் பதியப்பட்டிருப்பதாக எழுதியிருப்பதால், அதை வைத்தே பதில் சொல்கிறேன். தனியார் காப்புறுதியில் உள்ளவர்களின் கணக்கு முற்றிலும் வேறு.

முதலில் அந்தத் தாளில் கையொப்பம் இடாதீர்கள். 870 யூரோ என்பது மொத்தச் செலவா, காப்புறுதி தரும் பங்கைக் கழித்த பின் உங்கள் கையிலிருந்து போகும் தொகையா என்பதைப் பாருங்கள். இங்கே கிரவுண், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்), கட்டுப்பல் ஆகியவற்றுக்கு வேலை தொடங்கும் முன்பே வைத்தியர் 'ஹைல் உன்ட் கோஸ்டன்பிளான்' எனப்படும் சிகிச்சைச் செலவுத் திட்டத்தை இலவசமாகத் தயாரித்துத் தர வேண்டும், காப்புறுதி நிறுவனம் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். 2023 முதல் வைத்தியரே அதைக் கணினி வழியாக அனுப்பிவிடுகிறார். அனுமதி கிடைத்தால் ஆறு மாதத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

காப்புறுதி தரும் பங்கைப் பற்றித்தான் நம்மவர்களில் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். 60 வீதம் தருவார்கள் என்று கேள்விப்பட்டதும், பில்லில் உள்ள தொகையில் 60 வீதம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அந்த வீதம் 'ரேகெல்ஃபெர்சோர்குங்' எனப்படும் அடிப்படைச் சிகிச்சையின் விலைக்கு மட்டுமே உரியது. கடைவாய்ப் பல்லுக்கு அடிப்படைச் சிகிச்சை என்பது வெறும் உலோகக் கிரவுண்; சிரித்தால் தெரியும் பற்களுக்கு மட்டுமே பல்நிறப் பூச்சும் அதில் அடங்கும். ஒரு பேச்சுக்கு அந்த உலோகக் கிரவுணின் விலை 400 யூரோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 வீதமான 240 யூரோவை நீங்கள் எந்தக் கிரவுண் போட்டாலும் காப்புறுதி தரும். உலோகத்தைத் தெரிந்தெடுத்தால் உங்கள் பங்கு 160 யூரோ. 870 யூரோ விலையுள்ள பீங்கான் கிரவுணைத் தெரிந்தெடுத்தால் 630 யூரோ. பின்பக்கத்துக் கடைவாய்ப் பல்லின் நிறத்தை நீங்களும் பல் வைத்தியரும் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்பது என் அபிப்பிராயம். என் வாயில் இருப்பது உலோகம்தான். ஆனால் பெரும்பாலான இடங்களில் நாமாகக் கேட்டால் ஒழிய அந்த மலிவான வழியைப் பற்றிப் பேச்சே எழாது. ஆகவே, "வாஸ் கோஸ்டெட் டீ ரேகெல்ஃபெர்சோர்குங்?" (அடிப்படைச் சிகிச்சைக்கு எவ்வளவு?) என்ற ஒரு வாக்கியத்தைப் பாடமாக்கிக்கொண்டு போங்கள்.

அடுத்தது 'போனுஸ்ஹெஃப்ட்' என்ற சிறு கொப்பி. வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போய் அதில் முத்திரை வாங்கிக்கொண்டால், ஐந்து வருடம் இடைவிடாமல் இருந்தவருக்கு மேற்சொன்ன 60 வீதம் 70 ஆகவும், பத்து வருடம் இருந்தவருக்கு 75 ஆகவும் உயரும். பரிசோதனைக்குப் பணம் கிடையாது. நான் 1998 இல் இங்கே வந்தேன். பல் வலிக்காதவன் ஏன் பல் வைத்தியரிடம் போவான் என்ற நம் ஊர் நியாயத்தோடு பதினொரு வருடத்தைக் கழித்துவிட்டு, 2009 இல் முகம் வீங்கிய பிறகே போனேன். அப்போதைய விதிப்படி முத்திரை இல்லாதவருக்கு 50 வீதம், பத்து வருட முத்திரை உள்ளவருக்கு 65 வீதம். இரண்டு கிரவுணும் ஒரு பிரிட்ஜும் தேவைப்பட்ட எனக்கு அந்தப் பதினைந்து வீத வித்தியாசம் சிறிய தொகையாக இருக்கவில்லை. உங்களை ஏற்கெனவே ஒரு வைத்தியர் பரிசோதித்திருப்பதால், இந்த வருடத்துக்கான முத்திரையை அவரிடமே கேட்டு வாங்கிவிடுங்கள். கொப்பி தொலைந்தால் பயப்பட வேண்டாம், வைத்தியரின் பதிவுகளிலிருந்து திகதிகளைத் திரும்ப எழுதுவித்துக்கொள்ளலாம். காப்புறுதி நிறுவனத்தை மாற்றினாலும் அது செல்லும்.

கணவரின் வருமானத்தையும் ஒரு முறை பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு 'ஹெர்டஃபால்' என்ற விதியின்படி அடிப்படைச் சிகிச்சையின் முழுச் செலவையும் காப்புறுதியே ஏற்கிறது. 2025 இல் அதன் எல்லை தனியாளுக்கு மாத மொத்த வருமானம் 1,498 யூரோ, இருவர் உள்ள குடும்பத்துக்கு 2,059.75 யூரோவாக இருந்தது. எல்லையைச் சிறிது தாண்டியவர்களுக்கும் ஓரளவு கூடுதல் உதவி கிடைக்கக்கூடும் என்பதால் விண்ணப்பித்துப் பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் வேலை தொடங்கும் முன் விண்ணப்பிக்க வேண்டும்.

இனி ஊரில் செய்வது பற்றி. யாழ்ப்பாணத்தில் கட்டணம் இங்கேயுள்ளதைவிடக் குறைவு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் போலந்திலோ ஹங்கேரியிலோ செய்தால், திட்டத்துக்கு முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்கும் பட்சத்தில், இங்குள்ள காப்புறுதி தன் பங்கைத் தரும். இலங்கையில் செய்தால் தராது. அத்தோடு இங்கே போடும் கிரவுணுக்கு வைத்தியர் இரண்டு வருடம் பொறுப்பு. ஊரில் போட்டது தையில் நீங்கள் திரும்பி வந்த பிறகு கழன்றால் யாரிடம் போவீர்கள்? உலோகக் கிரவுணுக்கு இங்கே உங்கள் பங்கு நூற்றைம்பது, இருநூறு யூரோவுக்குள் நிற்குமானால், விடுமுறையில் பாதியைக் கதிரையில் வாய் திறந்தபடி கழிப்பது எனக்கு இலாபமாகத் தெரியவில்லை. தாடை எலும்பில் பல முளைகளை (இம்பிளாண்ட்) வைக்கும் பெரிய வேலை என்றால் கணக்கு மாறலாம், உங்களுடையது அதுவல்ல. மார்கழி வரை தள்ளிப்போட்டு, சூத்தை வேர் வரை இறங்கினால் இன்னும் மோசம்.

விலை அதிகமாகத் தோன்றினால் அதே திட்டத்தின் பிரதியோடு இன்னொரு வைத்தியரிடம் போய்க் கேளுங்கள். கிரவுணின் விலையில் பெரும்பங்கு அதைச் செய்யும் ஆய்வுகூடத்துக்குப் போவதால், ஆய்வுகூடம் மாறும்போது தொகையும் மாறும். இப்படிக் கேட்பதை இங்கே யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை.

சில்லறைச் செலவுகளில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். வரவேற்பு மேசையில் இருப்பவர் "பே-சட்-எர்" என்று விரைவாக எதையோ கேட்பார். நானும் பாஷை புரியாத காலத்தில் "யா, யா" என்று தலையாட்டி, பிறகு 110 யூரோ பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அது தொழில்முறைப் பல் சுத்திகரிப்பு. நல்லதுதான், ஆனால் சட்டப்படி காப்புறுதியின் கடமை அல்ல. சில நிறுவனங்கள் தாமாக ஒரு பகுதியைத் தருவதால் முதலில் உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை பற்காறை அகற்றுவது மட்டும் இலவசம். அதேபோல், கூடுதல் கட்டணம் இல்லாத நிரப்பல் ஒன்று எப்போதும் உண்டு. விலையுயர்ந்த நிரப்பலுக்கு உங்கள் எழுத்து மூலமான சம்மதம் முன்கூட்டியே தேவை.

பல்லுக்கான மேலதிகக் காப்புறுதியை விற்க நம்மவர் யாராவது உங்கள் வீடு தேடி வருவார், கலியாண வீட்டிலும் விடமாட்டார். வைத்தியர் ஏற்கெனவே தேவை என்று சொல்லிவிட்ட கிரவுணுக்கு அது பொதுவாகப் பணம் தராது. முதல் சில வருடங்களுக்கு உச்ச வரம்பும் இருக்கும். இந்தப் பல்லுக்காக அதில் சேராதீர்கள்.

திட்டத்தின் பிரதி கையில் கிடைத்ததும் பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். எந்த வரி காப்புறுதியின் பங்கு, எந்த வரி வைத்தியரின் தனிக் கட்டணம் என்று குறித்து அனுப்புகிறேன். அதன் பிறகு கையொப்பம் இடலாம்.