ராத்திரியெல்லாம் என்னதான் செய்கிறான்?

வணக்கம் ஐயா,

செந்தூலிலிருந்து எழுதுகிறேன். லாரி ஓட்டுகிறேன். மகனுக்கு 19 வயது. டிப்ளமாவைப் பாதியில் விட்டுவிட்டு டிஜே ஆகப் போவதாகச் சொல்கிறான். ராத்திரி முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், "அவிச்சின்னு ஒரு சுவீடன்காரர், வீட்டுல உட்கார்ந்தே உலகப் புகழ் ஆனாருப்பா" என்கிறான். யாரோ போட்ட பாட்டை மாற்றி மாற்றி ஓடவிடுகிற வேலையில் ஒருவர் எப்படி அவ்வளவு பெரிய ஆள் ஆனார்? அவர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். பயமாக இருக்கிறது.

க., செந்தூல்

அன்புள்ள க.,

இரண்டு வேலைகளை நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான். கூட்டத்துக்கு முன்னால் நின்று பாட்டுக்குப் பின் பாட்டாகக் கோத்துக் கொடுப்பவர் டிஜே. அந்தப் பாட்டையே உட்கார்ந்து செய்பவர் புரொடியூசர். கிள்ளான் கல்யாண விருந்தில் நீங்கள் பார்ப்பது முதல் ஆளை. உங்கள் மகன் ராத்திரியில் செய்வது இரண்டாவது வேலை. இந்த இசையில் ஒருவர் மேலே வருவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையால்தான். பெரிய காசு மேடையில். உடம்பு கெடுவதும் அங்கேதான்.

அவிச்சியின் நிஜப் பெயர் டிம் பெர்க்லிங். 1989இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். பௌத்த நூல்கள் சொல்லும் கடைசி அடுக்கு நரகத்தின் பெயர் அவீசி. இடைவெளியே இல்லாதது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அதையே தன் மேடைப் பெயராக வைக்கப் பார்த்தார். மைஸ்பேஸ் என்ற இணையதளத்தில் அந்தப் பெயரை யாரோ ஏற்கெனவே எடுத்திருக்க, கடைசியில் இன்னொரு 'ஐ' சேர்த்துக்கொண்டார். எஃப்எல் ஸ்டுடியோ என்ற மென்பொருளில் வீட்டில் உட்கார்ந்தே பாட்டுச் செய்தார். உங்கள் மகன் சொன்னதில் அந்த மட்டும் உண்மை. 2008இல் பிபிசி வானொலியின் பீட் டாங் நடத்திய போட்டியில் ஜெயித்தார். ஆஷ் பூர்நூரி என்ற மேனேஜரும் அந்தச் சமயத்தில்தான் சேர்ந்தார்.

ஆளைத் தூக்கிவிட்டது 2011இல் வந்த 'லெவல்ஸ்' பாட்டு. மகனிடம் போடச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் ஒரு பெண்குரல் வரும். அது எட்டா ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் பாடகி 1962இல் பாடியது. 49 வருடம் கழித்து அதிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, புது மெட்டுக்கு நடுவில் வைத்தார். இது நமக்குப் புதிதா என்ன? 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட 'மடை திறந்து' பாட்டை எடுத்து, யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தில் வேறொன்றாக ஆக்கினார்களே! நம் மலேசியப் பையன்கள். அன்றைக்கு உங்கள் லாரியிலும் அது ஓடியிருக்கும். பழைய குரல் யாருக்கும் கிடைக்கும். அதில் எந்தத் துண்டை வெட்டுவது, எங்கே வைப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

என் அக்கா மகனும் இதே கிறுக்குப் பிடித்தவன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, "வெறும் டம் டம்தானேடா?" என்று அவனைச் சீண்டினேன். பதில் சொல்லாமல் வலது கையால் மேசையை ஒரே சீராகத் தட்ட ஆரம்பித்தான். இடது கையில் பாதி குடித்த தே தாரிக் டீ கிளாஸ். ஒவ்வொரு தட்டுக்கும் கிளாஸ் சட்டென்று கீழே இறங்கும், அடுத்த தட்டுக்குள் மெதுவாக மேலே வரும். "தட்டு, கிக் டிரம், நீங்க சொல்ற அந்த டம் டம். கிளாஸ், மத்த சத்தம் எல்லாம். கிக் விழும்போது மத்ததெல்லாம் ஒதுங்கி வழிவிடணும் மாமா. அப்பத்தான் பாட்டு மூச்சு விடும்" என்றான். சைடுசெயின் என்று பெயராம். 'லெவல்ஸ்' நிமிடத்துக்கு 126 தட்டு. கிளாஸ் எவ்வளவு இறங்கணும், எவ்வளவு வேகமாகத் திரும்பி மேலே வரணும் என்பதற்கே அவனுக்கு ஒரு ராத்திரி போய்விடுமாம். மேசையெல்லாம் தே தாரிக், அது வேறு கதை.

2013இல் அமெரிக்காவில், டிஜே இசைக்கென்றே நடக்கும் மயாமி அல்ட்ரா விழாவில் அவிச்சி அந்த ஊர் நாட்டுப்புற இசைக் கலைஞர்களைக் கிடாரும் பாஞ்சோவுமாக மேடையேற்றி 'வேக் மீ அப்' பாட்டை இறக்கினார். டம் டம் கேட்க வந்த கூட்டம் முகம் சுளித்தது. சில மாதங்களில் அதே பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்குப் போய்விட்டது.

அப்புறம் நீங்கள் பயப்படும் பகுதி. அந்தப் பயம் நியாயமானதுதான். பாட்டு ஓடியதும் ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். விமானம், மேடை, ஓட்டல், மறுபடி விமானம். மேடைப் பதற்றத்துக்குக் குடி. 2012லேயே கணைய அழற்சியோடு ஆஸ்பத்திரி. 2014இல் பித்தப்பையையும் குடல்வாலையும் எடுத்தார்கள். 2016இல் மேடையை விட்டார். 2018 ஏப்ரலில் மஸ்கட்டில் இறந்தபோது வயது 28. மேடையை விட்ட பிறகும் பாட்டுச் செய்வதை அவர் விடவில்லை என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

டிப்ளமா விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ராத்திரி செய்கிற வேலைக்குப் பகல் படிப்பை ஏன் விடணும்? ஆனால் லேப்டாப்பைப் பிடுங்கி வைக்காதீர்கள். ராத்திரி கிளப்புகள் இருக்கிற சங்காட் புக்கிட் பிந்தாங் பக்கம் எத்தனை மணி வரை நிற்கிறான், யாரோடு நிற்கிறான் என்று கட்டாயம் கேளுங்கள், அது அப்பாவின் வேலை. கூடவே, முடித்த பாட்டு எத்தனை என்றும் கேளுங்கள். என் அக்கா மகனின் லேப்டாப்பில் நாற்பது பாட்டுக்கு மேல் கிடக்கிறது, முடித்தது மூன்று. உங்கள் மகனிடம் ஒன்று இருந்தாலும் போடச் சொல்லி உட்கார்ந்து கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் சுத்தமாக வராது. அவன் ஹெட்போனையே வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.