எடை, தேதி, பெயர்: மூன்றுக்கும் ஒரே ஃபங்ஷன் போதுமா?

கேள்வி: பாவூர்சத்திரம் சந்தையில் அப்பா கமிஷன் கடை வைத்திருக்கிறார். அந்தக் கணக்கை பைத்தான் நிரல்மொழியில் எழுதி வருகிறேன். கல்லூரியில் படித்த இன்செர்ஷன் சார்ட்டை வைத்து எடைப் பட்டியலை வரிசைப்படுத்தினேன், சரியாக வந்தது. அதையே நகல் எடுத்து விவசாயி பெயருக்கு ஒன்று, சரக்கு வந்த தேதிக்கு ஒன்று என்று இப்போது மூன்று ஃபங்ஷன் ஆகிவிட்டது. தேதிகள் முன்னும் பின்னுமாக வருகின்றன. கண்ணனுக்கு முன்னால் கணேசன் வருகிறார். ஒவ்வொரு வகைத் தரவுக்கும் தனித்தனி அல்காரிதம் எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். மூன்றில் இரண்டை இன்றைக்கே அழித்துவிடலாம்.

இன்செர்ஷன் சார்ட் என்ன செய்கிறது? இடது பக்கம் ஏற்கெனவே வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்கிறது. அடுத்த வரியைக் கையில் எடுத்து, அதைவிடப் பெரியவற்றை ஒவ்வொரு இடம் வலது பக்கம் நகர்த்திவிட்டு, கிடைத்த இடைவெளியில் செருகுகிறது. இவ்வளவு வேலையிலும் தரவைத் தொட்டுப் பார்ப்பது ஒரே இடத்தில்தான்: ‘இது அதைவிடப் பெரியதா?’ என்று கேட்கும் அந்த ஒற்றை வரியில். உங்கள் கடைத் தராசுக்குத் தட்டில் இருப்பது தக்காளியா முருங்கைக்காயா என்று தெரியாது, எந்தத் தட்டு இறங்குகிறது என்று மட்டும் காட்டும். வரிசைப்படுத்தும் ஃபங்ஷனுக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியக்கூடாது.

ஆகவே ஃபங்ஷனுக்கு இரண்டு உள்ளீடு கொடுங்கள். ஒன்று பட்டியல். இன்னொன்று, ஒரு வரியை வாங்கி ‘இதை எதை வைத்து ஒப்பிட வேண்டும்’ என்று மதிப்பைத் திருப்பித் தரும் சின்ன ஃபங்ஷன். அதற்குக் கீ என்று பெயர். ஒவ்வொரு வரிக்கும் கீயை ஒரே முறை கணக்கிட்டு வரியோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கீயை மட்டும் ஒப்பிடுங்கள். எடைக்கு ஒரு கீ, தேதிக்கு ஒரு கீ, பெயருக்கு ஒரு கீ. வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் ஒன்றேதான்.

எடை இப்போது சரியாக வருகிறது என்றால் அது எண்ணாகவே உள்ளே இருக்கிறது என்று பொருள். நாளைக்கு ஒரு சிஎஸ்வி கோப்பிலிருந்து (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) படித்தால் எல்லாம் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துகளின் தொடராக வரும். அப்போது 100, 25, 9 என்று வரிசை வரும், ஏனென்றால் முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். கீக்குள் எண்ணாக மாற்றிவிடுங்கள்.

தேதிச் சிக்கலும் இதே குடும்பம்தான். ‘03-12-2024’ என்பதையும் ‘05-11-2024’ என்பதையும் எழுத்தாக ஒப்பிட்டால் டிசம்பர் சரக்கு நவம்பர் சரக்குக்கு முன்னால் போய்விடும். தேதி வகையாக மாற்றுங்கள், அல்லது வருடம், மாதம், நாள் என்று திருப்பி வையுங்கள்.

வீட்டில் பழைய கணக்கு நோட்டு தமிழ் மாதத்தில் இருந்தால் மாதத்துக்கு எண் கொடுக்க வேண்டும். சித்திரை 1, பங்குனி 12. ஆனால் நம் திருநெல்வேலிச் சீமையின் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். இங்கே அதற்கு வருடப் பிறப்பு ஆவணியில். அப்படிப்பட்ட கணக்குக்கு ஆவணி 1, ஆடி 12. அதே மாதங்கள்தான், கீ மட்டும் வேறு. அல்காரிதத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இப்போது பெயர். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதும் நிரல்களில் பெரும்பாலானவை இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றன. கணினி ஸ்ட்ரிங்கை ஒப்பிடுவது யூனிகோட் எண்ணை வைத்து, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினியில் தந்திருக்கும் பொது எண்ணை வைத்து. அந்த எண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு இல்லை. அதில் ன, ந-வை ஒட்டி வருகிறது. ற, ர-வை ஒட்டி வருகிறது. ல, ள, ழ, வ என்று போகிறது. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் நிற்கிறது. அதனால்தான் கணேசன் முந்துகிறார்: ‘ணே’யில் உள்ள குறியின் எண் ‘ண்’ணில் உள்ள புள்ளியின் எண்ணைவிடச் சிறியது. நமக்குத் தெரிந்த ஊர்களை வைத்தே பாருங்கள். பணகுடி, பத்தமடை, பனவடலிசத்திரம், பழவூர் என்று கணினி கொடுக்கும். அகராதி வரிசைப்படி பழவூருக்குப் பிறகுதான் பனவடலிசத்திரம். கழுகுமலைக்கு முன்னால் களக்காடு வருவதும் இதே தவறு.

தீர்வு நம் எழுத்துக் கணக்கிலேயே இருக்கிறது. உயிர் 12-க்கு 1 முதல் 12 வரை எண் கொடுங்கள். ஃ 13. அப்புறம் க் 14, க 15, கா 16 என்று கௌ வரை 26. ங் 27-இல் தொடங்கும். ஒரு மெய்க்கு 13 எழுத்து வீதம், க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்ற முறையில் போனால் ‘னௌ’ சரியாக 247-இல் முடியும். ஜ, ஷ, ஸ, ஹ போன்றவற்றை 248 முதல் அதே முறையில் தொடருங்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்து எண்களின் பட்டியலாக்குவதுதான் கீ. கண்ணன்: 15, 79, 80, 235. கணேசன்: 15, 87, 41, 235. இரண்டாவது எண்ணில் 79 சிறியது, கண்ணன் முன்னால் வந்துவிடுவார். பைத்தான் இரண்டு பட்டியல்களை முதல் எண்ணிலிருந்து வரிசையாகத்தான் ஒப்பிடும், ஆகவே வேறு வேலை இல்லை.

பெயரைப் பிரிக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ‘மு. மாடசாமி’ என்று இனிஷியல் முன்னால் இருந்தால் அதைக் கடைசிக்கு நகர்த்துங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் அப்பா பெயரில் வரிசையாவார்கள். இரண்டாவது, ஸ்ட்ரிங்கை என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றுங்கள். பொன்னம்மாளின் ‘பொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ‘ொ’ என்ற ஒரே குறியாகவும், ‘ெ’ தனி ‘ா’ தனி என்றும். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள். பைத்தானோடு வரும் யூனிகோட் மாட்யூல் இந்த மாற்றத்தை ஒரே வரியில் செய்துவிடும்.

எடை போடாமல் விட்ட வரி ஏதாவது இருந்தால் நிரல் நின்றுவிடும், ஏனென்றால் பைத்தான் 3 வெற்று மதிப்பையும் எண்ணையும் ஒப்பிட மறுக்கும். கீயை இரண்டு பகுதியாக்குங்கள்: மதிப்பு இருந்தால் 0-வும் அந்த மதிப்பும், இல்லாவிட்டால் 1-உம் 0-வும். விடுபட்ட வரிகள் கடைசியில் சேர்ந்து நிற்கும்.

நகர்த்தும் நிபந்தனையில் ‘பெரியது’ என்று மட்டும் இருக்கட்டும், ‘பெரியது அல்லது சமம்’ வேண்டாம். சமமானவை வந்த வரிசையிலேயே இருந்தால்தான் முதலில் பெயரால் வரிசைப்படுத்திவிட்டு அப்புறம் தேதியால் வரிசைப்படுத்தும்போது ஒரே நாள் சரக்குக்குள் பெயர் வரிசை கலையாமல் இருக்கும்.

ஒரு நாள் வரத்து 200 வரி என்றால் மிக மோசமான நிலையிலும் 19,900 ஒப்பீடுதான், கண் இமைக்கும் நேரம். 10,000 வரியானால் 5 கோடியை நெருங்கும். அப்போது பைத்தானிலேயே இருக்கும் சார்ட்டுக்கு மாறுங்கள். 2002-இல் டிம் பீட்டர்ஸ் எழுதிய டிம்சார்ட்டிலிருந்து வந்தது அது, சிறு துண்டுகளுக்கு உள்ளே இன்செர்ஷன் சார்ட்டையே பயன்படுத்துகிறது. நீங்கள் எழுதிய கீக்களை அப்படியே அதற்குக் கொடுக்கலாம். மாற்றுவதற்கு முன் மேலே சொன்ன ஊர்ப் பெயர்களையும், இரண்டு விதமாகத் தட்டிய பொன்னம்மாளையும், எடை இல்லாத ஒரு வரியையும் போட்டு இரண்டு ஃபங்ஷனும் ஒரே விடை தருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.