ஒரு மன்னிப்புப் பாட்டும் போர்த்துக்கீசியமும்

அன்புள்ள அண்ணா,

பிரேசில் போர்த்துக்கீசியம் படித்து வருகிறேன். பிரேசில் பாடகி ரீட்டா லீயின் ‘டெஸ்குல்பி உ அவே’ (ரகளைக்கு மன்னித்துவிடு) பாட்டிலிருந்து உணர்ச்சிச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். பேசப்போனால் ஒன்றும் வாயில் வருவதில்லை. பாட்டு கேட்டுப் படிப்பது தவறா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தவறே இல்லை, பாட்டும் அருமையான தேர்வு. நோட்டில் எழுதும் முறையை மட்டும் மாற்றுங்கள். ‘சியூமி: பொறாமை’ என்று எழுதினால் அது நோட்டிலேயே தங்கிவிடும். பிரேசில்காரர்கள் ‘எஸ்தோ கோம் சியூமி’ என்பார்கள், பொறாமையோடு இருக்கிறேன் என்பதுபோல. பயம், கோபம், பிரிவின் ஏக்கம், ஏன், பசியும் தாகமும்கூட இந்த ‘கோம்’ போட்டுத்தான் வரும். ஒரு வாக்கியம் நாக்கில் பழகிவிட்டால் மற்றவை தானாக வரும். இன்னொன்று: காதலில் வருவதுதான் சியூமி. பக்கத்து வீட்டுக்காரரின் காரைப் பார்த்து வருவது ‘இன்வேஜா’. தமிழில் இரண்டையுமே பொறாமை என்றுவிடுகிறோம்.

பாட்டில் வரும் காதலி சண்டை போட்டுவிட்டு, உன்னைப் புண்படுத்த நினைக்கவில்லை, பொறாமைதான், ஆமாம் என்று ஒப்புக்கொள்கிறாள். அந்த ‘ஆமாம்’ கடைசியில் வருவதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தான் செய்த ரகளையைச் சொல்ல உண்ணாவிரதம், கெரில்லாப் போர், கலகம் என்று அடுக்குகிறாள். பாட்டு வந்தது 1983இல். பிரேசிலில் 1964இல் தொடங்கிய ராணுவ ஆட்சி 1985 வரை நீடித்தது. சாவ் பாவ்லோவை ஒட்டிய தொழில் நகரங்களில் உலோகத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ரீட்டா லீயே 1976இல் கர்ப்பிணியாக இருந்தபோது கைதானவர். தெருவில் புழங்கிய அந்தச் சொற்களை வீட்டுச் சண்டைக்குள் கொண்டுவந்திருக்கிறார். அகராதி உங்களுக்கு இதைச் சொல்லாது.

மன்னிப்புக்கு வருவோம். ‘டெஸ்குல்பி’ சற்று மரியாதையான வடிவம். பேச்சில் ‘டெஸ்குல்பா’தான் அதிகம் கேட்கும். நண்பனின் காலை மிதித்துவிட்டால் ‘ஃபோய் மவ்’ போதும். துக்க வீட்டில் இவை எதுவும் பொருந்தாது, அங்கே ‘சிந்து முய்ந்து’ (மிகவும் வருந்துகிறேன்) என்று சொல்லலாம்.

பாட்டை வரிவரியாக நிறுத்தி, ஒவ்வொரு உணர்ச்சிக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்