பழைய பிரஷ் கட்டர் பழுதுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரை (புல், புதர் வெட்டும் எந்திரம்) வாங்கினேன், ஐயா. அவரிடத்தில் ஓடியது, இங்கே வந்தபின் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் உயிர் வரவில்லை. கார்புரேட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: கார்புரேட்டர்மேல் பழி போடுவதற்கு முன், பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி நனைந்திருந்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது, உலர்ந்திருந்தால் வரவில்லை. நனைந்திருக்குமானால், சோக்கை (காற்று வழியை அடைக்கும் தகடு) திறந்துவிட்டு, பிளக் இல்லாமலே பத்துப் பன்னிரண்டு முறை இழுத்துத் தேங்கியதை வெளியேற்றுங்கள். சிதறிய பெட்ரோல் முற்றிலும் காய்ந்த பிறகு, பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, மரைப்பகுதி எஞ்சின் உலோகத்தில் படும்படி, பிளக் துளையிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடித்து இழுத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும்.

உலர்ந்திருந்தால், டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே எடுத்து, அதன் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். பெட்ரோலோடு மாதக்கணக்கில் மூலையில் கிடந்த எந்திரத்தில் அந்தக் குழாய் ஒன்று பிசுபிசுக்கும், இல்லையென்றால் சுள்ளிபோல் ஒடியும். இரண்டும் நன்றாக இருந்தால்தான் கார்புரேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் பெரும்பாலும் விறைத்துப்போன டயாஃப்ரத்தை, அதாவது உள்ளிருக்கும் மெல்லிய சவ்வை, மாற்றினாலே போதும்.

கேள்வி: பத்து நிமிடம் நன்றாக ஓடி நின்றுவிடுகிறது. சற்று நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. எஞ்சின் போய்விட்டதா?

பதில்: நின்ற உடனேயே டேங்க் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, உடனே எஞ்சினும் கிளம்பினால், டேங்கின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்தது. அப்படி இல்லையென்றால், சூடு ஆறுவதற்குள் பொறியைச் சோதியுங்கள். குளிர்ந்திருக்கும்போது பொறி தந்து, சூடேறியதும் கைவிடும் இக்னிஷன் காயில்கள் உண்டு.

கேள்வி: வாங்குவதற்கு முன்பே எஞ்சினின் நிலையை அறிய வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் பலரும் பெயின்ட்டின் பளபளப்பைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படி ஏமாந்தவன்தான். சைலன்சரைக் கழற்றி, கயிற்றை மெல்ல இழுத்தபடி, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். அது வழவழப்பாக இருக்க வேண்டும். மேலும் கீழுமாக ஆழமான கீறல்கள் தெரிந்தால், ஆயில் கலக்காமலோ, பெட்ரோலைவிடக் காற்று மிகுந்த கலவையிலோ ஓடிய எஞ்சின் அது. நான் வாங்கிய எந்திரத்தில் அந்தக் கீறல்கள் நகத்தில் தட்டின. சைலன்சரைக் கழற்ற விற்பவர் ஒப்பவில்லையென்றால், கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து எந்திரத்தைத் தொங்கவிடுங்கள். தம் (கம்ப்ரஷன், உள்ளே காற்றை அழுத்தும் திறன்) உள்ள எஞ்சின் விட்டுவிட்டு இறங்கும். தம் இல்லாதது தடையின்றிச் சரசரவென இறங்கிவிடும்.

கேள்வி: ஆயில் அளவு எழுதிய ஸ்டிக்கர் அழிந்துவிட்டது. லிட்டருக்கு எவ்வளவு கலப்பது?

பதில்: முதலில் அது டூ ஸ்ட்ரோக்தானா என்று உறுதி செய்யுங்கள், ஆயிலுக்குத் தனி மூடி உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலைக் கலக்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் 50:1 (ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. மாடலின் கையேட்டைத் தேடி அதன்படி செய்வதே முறை. விற்றவரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

கேள்வி: ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பதில்: ஆக்சிலரேட்டரை விட்ட நிலையில் எஞ்சின் ஓடும் வேகத்தை அமைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் ஒடிந்தோ தளர்ந்தோ இருக்கும். அதை மாற்றும்வரை எந்திரத்தை இயக்க வேண்டாம். பிளேடருகே கை வைக்கும் முன் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள்.