யாருடைய குதிரை?

கேள்வி: அமெரிக்காவில் மே மாத முதல் சனிக்கிழமை நடக்கும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் 1875இல் தொடங்கி ஒரு வருடம்கூட நிற்கவில்லையாமே? ரோஜா மாலை, பெரிய தொப்பி என்று பாரம்பரியம் வேறு. முதல் பந்தயத்தில் ஜெயித்த குதிரை யாருடையது? நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு அந்தப் பெருமை ஏன் வரவில்லை?
– ஒரு வாசகர், கயத்தாறு

பதில்: ஆமாம், நிற்கவில்லை. உலகப் போரால் 1945இல் ஜூனுக்கும், கொரோனாவால் 2020இல் செப்டம்பருக்கும் தள்ளிப்போனது, அவ்வளவுதான். லூயிவில் நகரத்து சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் மூன்று வயதுக் குதிரைகள் ஒன்றேகால் மைல் ஓடும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஜெயித்த குதிரைக்கு நானூறுக்கு மேல் சிவப்பு ரோஜா வைத்துத் தைத்த மாலை. பெண்கள் தொப்பி போடுவார்கள், புதினா போட்ட விஸ்கி குடிப்பார்கள். தொப்பியைப் பற்றி எனக்குச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

‘யாருடையது’ என்று கேட்டீர்களே அண்ணாச்சி, அதைப் பேசுவோம். முதலில் ஜெயித்த குதிரை அரிஸ்டைடிஸ். சொந்தக்காரர் மெக்ராத் என்ற பணக்காரர். ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ், கறுப்பினத்தவர். குதிரையைப் பழக்கிய ஆன்செல் வில்லியம்சன் அடிமையாகவே பிறந்தவர். அன்றைக்கு ஓடிய 15 குதிரைகளில் 13ஐ ஓட்டியவர்கள் கறுப்பின ஜாக்கிகள். முதல் 28 டெர்பிகளில் 15ஐ ஜெயித்ததும் அவர்களே. பண்ணைகளில் குதிரையோடு படுத்து எழுந்து, அதன் மூச்சை வைத்தே அதன் மனதைத் தெரிந்துகொண்டவர்கள். ஐசக் மர்ஃபி மூன்று முறை ஜெயித்தார்.

அப்புறம் என்ன ஆனது? பரிசுப் பணம் பெருகியது, ஜாக்கிக்குப் பேரும் காசும் வந்தது, உடனே அந்த இடம் வெள்ளையர்களுக்கு வேண்டியதாகிவிட்டது. ஓடும்போதே கறுப்பின ஜாக்கிகளை வேலியோரம் நெருக்கித் தள்ளினார்கள். குதிரைச் சொந்தக்காரர்களும் அவர்களுக்குக் குதிரை கொடுப்பதை நிறுத்தினார்கள். 1901, 1902 இரண்டு வருடமும் ஜெயித்த ஜிம்மி விங்க்ஃபீல்ட் பிழைப்புத் தேடி ரஷ்யாவுக்கே போய்விட்டார். அங்கே ஜார் மன்னர் காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர், புரட்சி வந்தபோது ஒடெசாவிலிருந்து குதிரைகளை ஓட்டிக்கொண்டு போலந்து வரை போய்ச் சேர்ந்தார். 1961இல் லூயிவில்லில் ஒரு விருந்துக்கு அவரை அழைத்தார்கள். வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹோட்டல் முன்வாசலில் அவரை உள்ளே விட மறுத்தார்கள். 1921க்குப் பிறகு டெர்பியில் இன்னொரு கறுப்பின ஜாக்கி ஏறியது 2000ஆம் ஆண்டில்தான். பாரம்பரியம் என்றால் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். குதிரையை அறிந்தவன் இல்லாமல் குதிரையால் பயனில்லை என்பதைத் தாமிரபரணிக் கரை எப்போதோ பார்த்துவிட்டது. பழைய காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய காலத்தைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டிய அரசர் வருடத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குவாராம். வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. லாடம் கட்டுகிறவர்களை வியாபாரிகள் இங்கே வரவும் விடவில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் சரக்கு விற்கும்! கஜானா கரைந்த கதை இது. நம் பள்ளிக்கூடப் பாடத்தில் ஏன் இதை விரிவாகச் சொல்வதில்லை என்று இந்தப் பக்கத்தில் பலமுறை கேட்டுவிட்டேன், இன்னும் கேட்பேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு என்ன குறை? பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, ரோட்டில் மைல் கணக்கில் ஓடுகிறார்கள். டெர்பியின் இரண்டு நிமிடம் இதற்குக் கால் தூசு பெறாது. வண்டியில் நிற்கிற சாரதியும், கூடவே குதித்து ஓடி மாட்டை விரட்டுகிறவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். மறுநாள் பேப்பரைப் பாருங்கள்: ‘இன்ன ஊர் இன்னார் மாடு முதல் பரிசு’. கோப்பை தந்தவர், கொடியசைத்தவர், முன்னிலை வகித்தவர், எல்லாப் பெயரும் இருக்கும். சாரதி பெயர் பெரும்பாலும் இருக்காது. இதை எழுதியதற்காக ஒரு விழாக் கமிட்டிக்காரர் என்னிடம் சண்டைக்கே வந்தார். ‘மாடு வாங்கினவன் லட்சக்கணக்கில் போட்டிருக்கான், ஓட்டினவனுக்கு என்ன செலவு?’ என்று கேட்டார். விழுந்தால் இடுப்பெலும்பு போகிறது ஐயா, அதைவிட வேறென்ன செலவு வேண்டும்?

மெக்ராத் பணம் போட்டார், ஒப்புக்கொள்கிறேன். அரிஸ்டைடிஸை ஓட வைத்தவர்கள் வில்லியம்சனும் லூயிஸும்தான். பெருமை ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். ஓட்டினவர் பெயரை எழுதிவைக்காத ஊரில் நாளைக்கு யாரைப் பற்றிக் கதை சொல்வீர்கள்? கயத்தாற்றில் அடுத்த பந்தயத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது கமிட்டியில் பேசிப் பாருங்கள். சாரதி, கூட ஓடுகிறவர் பெயர்களோடு முடிவை எழுதி அனுப்புங்கள், படத்தோடு போடுகிறேன். மாட்டுக்காரர் பெயர் மட்டும் வந்தால் இந்தப் பக்கத்தில் இடமில்லை.